காசித்தும்பை குடித்த மை

"வாத்தியாரையா, என் கிடாவக் காப்பாத்துங்க!"

பாப்பம்மா பிள்ளையாய் வளர்த்த கிடா அது. பன்வில தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குச் செம்பு நீரில் வைத்த வெள்ளைக் காசித்தும்பை சிவந்துவிட்டதால், அம்மன் இரத்தம் கேட்கிறாள் என்று பூசாரி வீரையா அறிவித்துவிட்டார்.

தோட்டப் பள்ளி ஆசிரியர் அழகமுத்துவின் மீசை துடித்தது. பகுத்தறிவுப் பிரசுரங்களைத் தலைக்கு வைத்து உறங்குபவர் அவர்.

"செம்புத் தண்ணியில சாயம் கலந்திருக்கு!" என்று முழங்கி, எல்லோரும் காண அதைக் கொட்டி நல்ல தண்ணீர் ஊற்றினார். தண்டு ஏற்கெனவே சாயத்தைக் குடித்துவிட்டதை மறந்தார். மாலைக்குள் மொட்டும் சிவந்தது.

"தண்ணிய மாத்தியும் செவக்குதே! தாயிக்குக் கோவம் ஏறிருச்சு!" என்றாள் கூட்டத்தில் நின்ற மூக்காயி. பலிக்குக் கிடாவோடு ஒரு சேவலும் சேர்ந்தது.

அழகமுத்து விடுவாரா? மறுநாள் கோயில் முன்னே கதிரை போட்டு ஏறினார். சிவப்பு மைப் புட்டியில் வெள்ளைப் பூவொன்றைச் செருகி உயர்த்திப் பிடித்தார்.

"தோழர்களே! இந்தத் தண்டினுள்ளே மயிரிழைக் குழாய்கள் நிறைந்துள்ளன. இலைகள் வெயிலுக்கு நீரை ஆவியாய் விட, கீழுள்ள நீர் மேலே இழுபடுகிறது. வேர் உறிஞ்சிய உரமும் அவ்வழியே ஏறுகிறது. இதிலே தெய்வத்துக்கு என்ன வேலை?"

பூசாரி மட்டும் அடுத்த வரி தெரிந்தவர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு நீண்டது. கண்ணாடிபோன்ற தண்டில் செங்கோடு ஏறி இதழைத் தொட்டது.

"இதோ பாருங்கள்!"

கூட்டம் தடாலென்று அவர் காலில் விழுந்தது.

"வாத்தியாரையா கையிலயும் செவந்திருச்சு! ஆத்தா இவரு மேல எறங்கிட்டா!"

"ஐயோ, இது மை! பள்ளிக்கூடத்து மை!"

"சாமி வந்தா இப்பிடித்தான் ஒளறும்," என்றார் கங்காணி இராமையா. "தாயே, கிடாவ இப்பவே வெட்டட்டுமா?"

அரிவாள் உயர்ந்தது. பாப்பம்மா அலறினாள். அழகமுத்து தாம் படித்த பிரசுரங்களையெல்லாம் ஒருகணம் நினைத்தார். கிடாவின் கண்ணைப் பார்த்தார். கதிரையிலிருந்து குதித்துத் தலையைச் சுழற்றினார்.

"டேய்ய்! எனக்குக் கிடா வேணாம்டா! சேவலும் வேணாம்! பொங்கல் போதும்டா!"

அரிவாள் தாழ்ந்தது. குலவை எழுந்தது. பாப்பம்மா கிடாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மூச்சிரைக்க நின்றவரின் நெற்றியில் வீரையா திருநீறு பூசினார், கையில் வேப்பிலையைத் திணித்தார், காதருகே குனிந்தார்.

"தம்பி, நானும் ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல வாத்தியாராத்தான் இருந்தேன். மொதமொதல்ல சாமியாடுனது ஒரு கிடாவக் காப்பாத்தத்தான்."