வெண்டலின் வம்சத்துப் படச்சுருள்

என் வீட்டுக்காரர் பேர் வெண்டலின். அவர் அப்பா வெண்டலின், தாத்தா வெண்டலின். எங்கள் மகள் கார்லாவுக்கு அடுத்த மாதம் பையன் பிறக்கப்போகிறான். அவனும் வெண்டலினாகத்தான் இருந்தாக வேண்டுமாம். இது நூற்றாண்டுக் குடும்ப வழக்கமாம். இந்தப் பழைய காலத்துப் பேரோடு போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மற்ற பசங்கள் வாழவிட மாட்டார்கள் என்று கார்லா போனில் அழுதாள். அப்பாவை எதிர்த்துப் பேச மட்டும் வாய் வரவில்லை. என்னிடம்தான் அழுவாள்.

நான் சண்டை போடவில்லை. "வழக்கம் வழக்கம்னு வாயால சொன்னா மாப்பிள்ளை நம்புவாரா? ஜெர்மனியில உங்க முன்னோர் ஊர்ப் பங்குக்கோயில் ஞானஸ்நானப் பதிவெல்லாம் மைக்ரோஃபிலிம் படச்சுருளா இருக்காம். நம்ம நூலகத்துல கேட்டா தபால்ல வரவழைச்சுத் தருவாங்க. அதுல உங்க குடும்ப வழக்கம் என்னவோ, அதுதான் பேர்" என்றேன்.

மனிதர் வலையில் விழுந்துவிட்டார்.

சுருள் வந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள், நூலகத்து இயந்திரத்தில்தான் பார்க்க வேண்டும். சமையலறை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று நூலகர் மார்லிஸிடம் கெஞ்சியிருக்கிறார். அவள் மசியவில்லை. இவர் சுருளைத் தலைகீழாக மாட்டி, ஒரு காலை முழுவதும் கழுத்தைச் சாய்த்துப் படித்தாராம். நேராக மாட்டின பிறகும் ஒன்றும் புரியவில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. இதற்கிடையில் பேப்பர் படிக்க வரும் கிழவர்கள் எல்லாரிடமும், இந்தச் சுருள் சொல்வதுதான் என் வீட்டுச் சட்டம் என்று அறிக்கை வேறு.

கடைசியில் என்னிடம் வந்தார். "ஏம்மா, உன்னை கன்னியாஸ்திரீங்க இந்த எழுத்து படிக்க வெச்சாங்கல்ல?"

அடுப்பில் சூப்பை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். இயந்திரத்தில் சுருளைச் சுற்றினேன். இவருடைய தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. கிழவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"பிள்ளை பேர் வெண்டலின். ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பொறுப்பேத்து நின்ன ஞானத்தகப்பன் பக்கத்து வீட்டு மாவு மில்காரர், அவர் பேர் வெண்டலின். அடுத்த தம்பி பீட்டர், ஞானத்தகப்பன் பீட்டர். தங்கச்சி மார்கரேத்தா, ஞானத்தாய் மார்கரேத்தா."

"எங்க தாத்தாவோட அப்பா பேரு?"

"யோஹான். அது எந்தப் பிள்ளைக்கும் வெக்கல. ஞானத்தகப்பன் பேர்தாங்க பிள்ளைக்கு. ஊர் மொத்தமும் அப்படித்தான்."

"அப்ப நாங்க யாரு பேரைச் சுமக்கிறோம்?"

"மாவு மில்காரர் பேரை."

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "சரி, நானே ஞானத்தகப்பனா நிக்கிறேன்."

"அது போன வாரமே முடிவாயிடுச்சு. கேட்டதுக்கு, அது பொம்பளைங்க வேலை, என்னை விடுன்னீங்க."

"யாரை வெச்சீங்க?"

"என் தம்பி ரேமண்டை."

ரேமண்ட் ஞாயிறுதோறும் சீட்டாட்டத்தில் இவரைத் தோற்கடிப்பவன். அந்தப் பெயரைக் கேட்டாலே இவருக்கு நெஞ்செரிச்சல்.

"உனக்கு இந்த வழக்கம் முன்னமே தெரியுமா?"

"சிஸ்டர் அடிச்சுச் சொல்லிக்கொடுத்தது எப்படிங்க மறக்கும்?"

சுருளை அன்றைக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். மார்லிஸ் தவணையை நீட்டித் தரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அதற்குள் கிழவர்கள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ரேமண்ட் கண் கலங்கி வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "பிள்ளைக்கு என் பேரை வெக்கணும்னு ஜெர்மனி வரைக்கும் தேடினீங்களாமே, மச்சான்!"