பேக்கன் அண்ணைக்கு ஒரு பரிகாரம்

கடவுளோடு பேக்கன் அண்ணை அளவுக்கு மினக்கெட்டுச் சண்டை பிடித்த ஆள் ரொறன்ரோவிலேயே கிடையாது. தொண்ணூறுகளில் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையற்காரர் அவர், ஒரு யூதர். பெயர் நாங்கள் வைத்தது. யூதர்களுக்குப் பன்றி ஆகாது, சனிக்கிழமை நெருப்பு மூட்டக்கூடாது. இவரோ சனிக்கிழமை பார்த்துத்தான் பேக்கன் என்கிற பன்றியிறைச்சியைப் பொரித்து, சிகரெட்டும் கையுமாக வாசலில் நின்று தின்பார். பக்கத்து யூதக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கவேண்டும். ஒருநாள் அந்தப் பேக்கன் மேல் சீஸ் துண்டொன்றை வைத்துவிட்டேன். இறைச்சியோடு பாலைச் சேர்ப்பதா, உனக்கு மதம் என்றால் விளையாட்டா என்று துள்ளினார்.

தொண்ணூற்றெட்டில் திடீரென்று ஆள் ஒடுங்கிப்போனார். யூதர்களைத் தேடிக் கொன்ற இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நாலு வயதில், அவரை ஒரு கத்தோலிக்கக் கமக்காரர் வீட்டில் ஒளித்துவிட்டுப் போன அம்மா திரும்பி வரவில்லை; அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தார். செத்த நாள் தெரியாது. விட்டுப்போன நாளிலாவது அம்மாவுக்கு ஒரு பிரார்த்தனை சொல்ல ஆசைப்பட்டார். அதற்குப் பத்து யூத ஆண்கள் சேரவேண்டுமாம்.

"பக்கத்துத் தெருவில உங்கட கோயில் இருக்குதானே, அண்ணை?" என்றேன்.

"என்னைச் சேர்க்கமாட்டாங்கள், தம்பி. ஊரறியச் சனிக்கிழமையை மீறினவன் நான். நான் தொட்ட வைனையே குடிக்கப்படாது எண்டு சட்டம் இருக்கு." அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் யாழ்ப்பாணத் தமிழாக ஏறியது.

எங்கள் ஐயர்மாரிடம் பரிகாரம் இல்லாத பாவம் உண்டா? அவருக்குச் சொல்லாமல் யூத குருவிடம் போனேன். பன்றிக்கு என்ன பரிகாரம், சிகரெட்டுக்கு என்ன, தேங்காய் உடைத்தால் காணுமா என்று கேட்டேன். மனிதர் தாடி குலுங்கச் சிரித்தார். அண்ணை வளர்ந்த கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். பிறர் கையில் அகப்பட்டு வளர்ந்த குழந்தை மேல் குற்றமில்லை, சட்டத்தில் அவர் இன்னும் அந்தக் குழந்தைதான், வரச்சொல் என்றார்.

அறுபது வயதுக் குழந்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பது வருசமாப் பாடுபட்டுப் பாவம் செய்திருக்கிறன். ஒண்டும் செல்லாதாமோ?" என்று கரண்டியை எறிந்தார். எறிந்ததைத் தானே குனிந்து எடுத்தார். பிறகு, "அப்ப அம்மாவுக்குச் சொல்லலாமோ?" என்று மெல்லக் கேட்டார்.

அம்மா விட்டுப்போன அந்த நாளில் நானும் கூடப்போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். ஒன்பது கிழவர்கள் வந்திருந்தார்கள். அண்ணை பத்தாவதாக நின்று, தட்டித் தடவிப் பிரார்த்தனையைச் சொல்லிமுடித்தார். ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்தார். "தம்பி, நான் எங்க நிக்கிறன் எண்டு இப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அடுத்த சனிக்கிழமையும் பேக்கன் பொரித்தார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்களாகின்றன. எனக்கு இன்னும் அவரைத் தேடுகிறது.