பித்தளை ரெகுலேட்டரைக் கழற்றியதற்கான காரணங்கள்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி திரு. கணேசலிங்கம் அவர்களுக்கு,

சேஷாத்ரி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாகலட்சுமியும் சௌக்கியம். அங்கே நோபல் பார்க் வீட்டில் நீங்களும் இரஞ்சிதம் அம்மாவும் மாப்பிள்ளை சுபாங்கனும் சௌக்கியமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்று விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் நம்பி இரவல் கொடுத்த, அடுப்பும் ஷவரும் படுக்கையுமாக ஒரு வீடே உள்ளே இருக்கிற மோட்டர்ஹோமும் சௌக்கியம். டயர், ஸ்டியரிங், ஹாரன் எல்லாம் கொடுத்தபடியே இருக்கின்றன. மற்றவற்றைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "ஓம், ஓம்" என்கிறீர்கள். அது கோபமா சம்மதமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தவிர, இது என் மகள் தாரிணியின் உத்தரவு. "அப்பா, அங்கிளுக்கு நீங்களே எழுதணும். இன்னிக்கே. ஜஸ்ட் சே சாரி. டோன்ட் எக்ஸ்ப்ளெய்ன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு மாமனார், மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவளுக்குக் கவலை. குழந்தை, பாவம். முழு விவரமும் தெரிந்துவிட்டால் யாரும் யாரிடமும் எந்தச் சாரியும் சொல்லவேண்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம். எனவே விளக்குகிறேன்.

நீங்கள் சாவியைக் கொடுத்தபோது, வண்டி நிறுத்தித் தங்குகிற கேரவன் பார்க்கின் குழாய்க்கும் நம் ஹோஸுக்கும் நடுவில் மாட்டவேண்டிய அந்தப் பித்தளை ரெகுலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "உந்தச் சாமானை மட்டும் ஒருக்காலும் கழட்டிப்போடாதேங்கோ, சம்பந்தி. பார்க் தண்ணி சரியான பிரஷர். உள்ளுக்க இருக்கிறது சின்னப் பைப், தாங்காது" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. கலியாணம் முடிந்ததும் பிள்ளைகள் இந்த வண்டியில்தான் ஊர் சுற்றப் போகிறார்கள் என்று ஆசை ஆசையாகச் சொன்னீர்கள். அதையும் மறக்கவில்லை. அதனால்தானே, கிளம்புவதற்கு முன் த பேசின் விநாயகர் கோயிலில் நீங்கள் இருக்கும்போதே பூஜை போட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்துவிட்டு ஓடுகிற ஆள் நான் இல்லை. ஆயுத பூஜைக்கு ஆபீஸில் ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வைத்தவன். அடுப்பு, கேஸ் சிலிண்டர், ஹோஸின் இரண்டு முனை, ரெகுலேட்டரின் இரண்டு வாய், எதையும் விடாமல் என் கையாலேயே சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்தேன். நீங்களே அசந்துபோய், "ஞாயிற்றுக்கிழமை வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறது நீங்கள்தான்" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி.

மவுண்ட் ரோட்டில் வண்டி ஓட்டியவனுக்கு இந்த ஊர் ரோடு ஒரு பொருட்டா? கடலோரப் பார்க்குக்கு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தோம். ரெகுலேட்டரை மாட்டி, ஹோஸைச் செருகி, குழாயைத் திறந்தேன். நாகலட்சுமி தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு ஷவருக்கு அடியில் போய் நின்றாள். சம்பந்தி, நூல் மாதிரி வந்தது. அதுவும் விட்டுவிட்டு. சீயக்காய் கண்ணுக்கு இறங்குகிறது, தண்ணீர் நெற்றியைத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து அவள், "ஏங்க, மடிப்பாக்கத்துலயே இதைவிட நல்லா வருமே! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள். சென்னைத் தண்ணீர் வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? (நான் இருந்தது பில்லிங் பிரிவு என்று நாகலட்சுமி உங்களிடம் சொல்லியிருப்பாள். பில் போடுகிறவனுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும்.)

உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் ரெகுலேட்டர் என்றால் ஃபேனுக்கு உண்டு, கேஸுக்கு உண்டு. தண்ணீருக்கு ஏது? பிரஷர் இல்லை என்று மனு கொடுத்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அடிபம்பு வாங்கியிருக்கிறார்கள், திருட்டு மோட்டார் வைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று என் சர்வீஸில் ஒரு மனுஷன் வந்து நின்றதில்லை. தானாக வருகிற தண்ணீரைத் தடுக்க ஒருத்தன் கருவி செய்ய, அதை இன்னொருத்தர் கடையில் போய் வாங்க... உங்களைச் சொல்லவில்லை. உங்களை ஏமாற்றிய கடைக்காரனைச் சொல்கிறேன். கழற்றினேன்.

அடடா! என்ன தண்ணி, என்ன வேகம்! நாகலட்சுமி தலை முழுகி வெளியே வந்து, "பரவாயில்லையே நீங்க" என்றாள். இந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது தாரிணி பிறந்தபோது. இவ்வளவு நன்றாக வருகிற தண்ணீர் எப்போது நிற்குமோ என்று பக்கெட், குக்கர், ஃபிளாஸ்க், காபி டம்ளர் வரைக்கும் பிடித்து வைத்தோம். எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு, வெளியே பார்க் குழாயை மட்டும் திறந்தபடியே விட்டு, காலாற கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் அவளுக்கு நீரியல் சொல்லிக்கொண்டே போனேன். பாவம், கேட்டுக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்தால் வண்டிப் படியில் அருவி. கதவைத் திறந்தேன், என் செருப்பு என்னை வரவேற்க மிதந்து வந்தது. நீங்கள் குசினி என்பீர்களே, அங்கே சிங்குக்குக் கீழே ஒரு பைப் மூட்டோடு கழன்று படம் எடுத்து ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய், யாராவது வாங்கடா!" என்று கத்த, பக்கத்து வண்டி வெள்ளைக்காரர் நிதானமாக நடந்து வந்து, வெளியே குழாயை மூடிவிட்டு, "ஆல் குட், மேட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நானும் மூடத்தான் இருந்தேன். கை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

சேதம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பைப்பை பார்க் மேனேஜர் வந்து மாட்டிவிட்டார். தரை நீங்கள் வாங்கின நாளில்கூட இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. மெத்தைகள் கொடியில் காய்கின்றன. இரஞ்சிதம் அம்மா கையால் தைத்த சிவப்புக் கரை வைத்த குஷன் உறைகள் மட்டும் கொஞ்சம் சாயம் போய், வெள்ளைப் பூவெல்லாம் ரோஜாப் பூவாகிவிட்டன. நாகலட்சுமிக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. எனக்கு முன்னைக்கு இது அழகாகவே தெரிகிறது.

என் முடிவு இதுதான். தப்பு முழுக்க அந்த ரெகுலேட்டர் மேல். இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாகவே விட்டு உங்க பைப்பைச் சோம்பேறியாக்கி வெச்சிருக்கு. நெசமான தண்ணியைப் பார்த்ததும் அதுக்கு வெலவெலத்துப் போச்சு. நல்லவேளை, பிள்ளைங்க போறப்ப இது நடக்காம நான் இருக்கறப்பவே நடந்துது! இனி அந்தச் சாமான் நம் குடும்பத்துக்கே வேண்டாம். உங்கள் நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள், என் பெயரைச் சொன்னாலும் ஆட்சேபமில்லை.

இரஞ்சிதம் அம்மாவுக்கு எங்கள் அன்பும் மரியாதையும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக, நிறைந்த மனசோடு இருக்கட்டும். சனிக்கிழமை வண்டியோடு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
சேஷாத்ரி

பி.கு: கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப் போகிற நேரத்தில் நாகலட்சுமி கூப்பிட்டாள். நான் ஜன்னலோரம் தூக்கிப் போட்டிருந்த ரெகுலேட்டரை எடுத்து வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. அதன் வாய்க்குள் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறதாம். ஊக்கால் நெம்பினாள். கெட்டியாக ஓர் உருண்டை வந்து விழுந்தது. மோந்து பார்த்தாள். "ஏங்க, கமகமன்னு இருக்கே. இதை யாரு இதுக்குள்ள வெச்சது?" நான் கடலைப் பார்த்தேன். "உங்களைத்தான் கேக்கறேன்" என்றாள்.

ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டோம். தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வருகிறது. எனவே கருவி, கடைக்காரன், பைப்பின் சோம்பேறித்தனம் பற்றி மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். வேறு கடிதம் எழுதலாமென்றால் மிச்சப் பேப்பரெல்லாம் நனைந்து கிடக்கிறது.

இவ்வளவு எழுதியும் தாரிணி எழுதச் சொன்ன அந்த ஒரு சொல் இதில் இல்லை என்று நாகலட்சுமி படித்துப் பார்த்துச் சொல்கிறாள். சம்பந்தி, மன்னிச்சுடுங்க. சொல்லித்தான் கொடுத்தீங்க, நான்தான் கேக்கலை. இரஞ்சிதம் அம்மாகிட்டயும் சொல்லுங்க. எனக்குப் பயம் வண்டியைப் பத்தி இல்லை. என் பொண்ணு உங்க வீட்டுக்கு வரப்போறா. அப்பன் பண்ணின கூத்துக்கு அவ அங்க தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது. அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சந்தனக் கிண்ணத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பன்னீர்ச் செம்பை நான் பிடித்துக்கொள்கிறேன். அதன் பிரஷரைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம்.