செண்பகா நதியும் காப்பிரைட் அண்ணாச்சியும்

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். படித்தபடி குடித்தனம் நடத்தியவர் ஒருவர்தான். அவர் கல்கத்தாவில், டாலிகஞ்ச் ஹவுசிங் காலனியில், என் தலைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். எனக்கு இந்த வயதில் பல விஷயங்களில் சந்தேகம் வந்துவிட்டது. காஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, காலையில் போட்ட மாத்திரை நான்கா ஐந்தா என்று தினமும் கவலைப்படுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை.

திருநெல்வேலிக்காரர் என்பதால் தமிழர்களுக்கு அவர் காப்பிரைட் அண்ணாச்சி. வங்காளிப் பிள்ளைகளுக்குக் காப்பிரைட் காக்கு, அதாவது காப்பிரைட் சித்தப்பா. அவர் மனைவி எங்களுக்கு மதினி, அந்தப் பிள்ளைகளுக்குக் காக்கிமா. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியின் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து 'இது யாருடையது' என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவருக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

ஒருமுறை என் மனைவி, மாடியில் மதினியிடம் சாம்பார்ப் பொடிக்குப் பக்குவம் கேட்கப் போனாள். அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"தாராளமாச் செய்யுங்கம்மா. செய்முறைக்கு உரிமை கெடையாது. ஆனா என் வீட்டுக்காரி சொல்லுத வாக்கியத்த அப்படியே எழுதி எடுக்கக் கூடாது. ஒங்க சொந்த வார்த்தையில எழுதிக்கிடணும்."

என் மனைவி சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் மிளகாயின் அளவும் சொந்த அளவாகிவிட்டது. வீட்டில் நான்கு பேர். நான்கு பேரும் ஒரு வாரம் தும்மினோம்.

துர்கா பூஜைக்குக் காலனிப் பையன்கள் ஒரு பழைய கோயிலைப் போலவே மூங்கிலிலும் துணியிலும் பந்தல் எழுப்பியபோது அண்ணாச்சி போய் நின்றார்.

"இது ஒருத்தர் கட்டின கோயில்லா? அவர்கிட்டக் கேட்டியளா?"

"காக்கு, அவர் செத்து எண்ணூறு வருஷம் இருக்கும்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "ஆள் போயி அறுவது வருஷம் கழிஞ்சா உரிமையும் போச்சு. அப்பம் சரி. கட்டிக்கிடுங்க."

தாங்கள் ஒரு பெரிய வழக்கிலிருந்து தப்பியதே அப்போதுதான் பையன்களுக்குத் தெரிந்தது. நன்றியில் ஒருவன் அவர் காலைத் தொட்டு வணங்கினான்.

ஓய்வுக்குப் பிறகு அண்ணாச்சி, மாத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பூகோளம் ட்யூஷன் எடுத்தார். வங்காளி மொழியையும் திருநெல்வேலி ராகத்தில்தான் பேசுவார். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. பழகாதவர்கள் பெற்றோர்கள்தான். எங்கள் காலனியில் மார்க் என்பது பால்கனிச் சொத்து. ஒரு வீட்டுப் பிள்ளை கணக்கில் கோட்டைவிட்டால், அவன் மாடிப்படி ஏறி வீட்டுக்கு வருவதற்குள் நான்காவது பிளாக்குக்குச் செய்தி போய்விடும். அண்ணாச்சி இதை ஒப்பவில்லை. தன் பிள்ளைகளின் மார்க்கை ஒட்டிய உறையில் போட்டு அவரவர் கையில்தான் கொடுப்பார்.

ஒரு தாயார் வந்து கேட்டார். "மாஸ்டர் மொஷாய், என் பையன் என்ன மார்க்?"

"அவன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"அவனைப் பெத்தவ நான்."

"அவனைத்தான் நீங்க பெத்திய. மார்க்க அவன்லா பெத்தான்."

உறையின் மேல் பெயர் எழுதினால் அடுத்தவர் பார்ப்பார்கள் என்று நம்பர் போட்டார். தாய்மார்கள் ஒரே வாரத்தில் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் நம்பரை மாற்றினார். கடைசியில் ஒருநாள் என் கதவைத் தட்டி, "ஏழாம் நம்பர் யாருன்னு ஒமக்குத் தெரியுமா வே? நல்லா எழுதியிருக்கான். பாராட்டணும்" என்றார்.

என் மகளும் ஒன்பதாம் வகுப்பு வரை அவரிடம் படித்தாள். பத்தாம் வகுப்பு வந்ததும் தானே படித்துக்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டாள். நான் தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டேன். அண்ணாச்சி காரணம் கேட்கவில்லை. "அது அவ விஷயம் வே" என்றதோடு சரி.

அவருடைய உண்மையான போர் காளிகாட் மெட்ரோ வாசலில் இருந்த பாதல்தாவின் ஜெராக்ஸ் கடையோடுதான். பாதல்தா, அதாவது பாதல் தாதா, பாதல் அண்ணன், எப்போதும் சிரித்த முகம். எந்த வாத்தியார் நோட்ஸும் அங்கே கிடைக்கும். அண்ணாச்சி தன் கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் 'உரிமை ஆசிரியருக்கே' என்று முத்திரை குத்திய நோட்ஸ், கடை வாசலில் சுருள் கம்பி போட்டுத் தொங்கியது.

அண்ணாச்சி நோட்ஸைக் கரும் சிவப்புத் தாளில் அச்சடிக்க ஆரம்பித்தார். ஜெராக்ஸ் எடுத்தால் முழுக் கறுப்பாக விழும். படிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது என்பது வேறு விஷயம். இரண்டு வருஷம் பாதல்தா தோற்றுப்போனார். அதற்குள் இரண்டாயிரம் பிறந்துவிட்டது. பாதல்தா கடையில் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்து இறங்கின. கரும் சிவப்புத் தாள் கம்ப்யூட்டருக்குள் போய் வெள்ளைத் தாளாக வெளியே வந்தது. வேண்டுமென்பவர்களுக்கு சிடியிலும் கிடைத்தது.

என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்த அந்த வருஷம்தான் அண்ணாச்சி பொறி வைத்தார். தாமோதர் நதியின் உபநதிகள் பராகர், கோனார் என்று எழுதி, மூன்றாவதாகச் செண்பகா என்று ஒரு நதியைச் சேர்த்தார். அப்படி ஒரு நதி உலகத்தில் கிடையாது. தன்னிடம் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "மூணாவது நதி பொய். பரீட்சையில எழுதாதிய. வெளியவும் சொல்லாதிய" என்று எச்சரித்துவிட்டார். பரீட்சை வருஷத்தில் பிள்ளைகள் இந்த மாதிரி ரகசியத்தை உயிர்போனாலும் காப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

மாத்யமிக் நெருங்கியபோது, வேறொரு பள்ளிக்கூடத்தின் மாதிரிக் கேள்வித்தாள் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தார். 'செண்பகா நதி எந்த நதியில் கலக்கிறது?' என்று அதில் அச்சில் இருந்தது.

"மாட்டிக்கிட்டான் வே. அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரே பாதல் கடைச் சரக்கத்தான் பாத்துப் பாடம் நடத்துதாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாளே வக்கீலைப் பார்த்தார். வக்கீலுக்கு அதைவிடச் சந்தோஷம். "வழக்குப் போடும்வரை வாயைத் திறக்காதீர்கள். பரீட்சையில் எத்தனை பேர் செண்பகா என்று எழுதுகிறார்களோ அத்தனை பேரும் நமக்குச் சாட்சி" என்றாராம்.

எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போகும் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "களவுச் சரக்க வாங்குனா அப்படித்தான்" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மதினி சமையலறையிலிருந்து வந்தார்கள்.

"ஏங்க, எதுத்த பிளாக் மிட்டு வந்து, 'காக்கிமா, ஒங்க பேர்ல ஒரு நதி இருக்கு, நான் மனப்பாடம் பண்ணிட்டேன்'ங்கா. அது எந்த ஊர்ல ஓடுது?"

மதினியின் பெயர் செண்பகம். எனக்கே அப்போதுதான் தெரியும். அண்ணாச்சி பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மதினி முழுக்கக் கேட்டார்கள்.

"என் பேர எடுக்க முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அண்ணாச்சி அலமாரியில் இருந்த சட்டப் புத்தகத்தின் பக்கம் திரும்பினார்.

"என்ன முழிக்கிய. அது ஒங்க பேரா, என் பேரா?"

"ஒம் பேருதான்."

"இத்தன வருஷத்துல ஒரு முழம் பூ வாங்கிட்டு வந்து இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எலிப்பொறியில கருவாடு வைக்கதுக்கு மட்டும் என் பேரு வேணுமாக்கும். ட்யூஷனுக்கு வர முடியாத புள்ளையளுந்தான அந்தக் கடையில வாங்குது? அதுக என் பேர எழுதி மார்க்க விடணுமா? நான் அனுமதி தரல. எடுத்துருங்க."

"செண்பகம், கேசு..."

"அனுமதி தரல."

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். "சட்டப்படி அவ சொல்லுததுதான் சரி வே" என்று படியில் சொன்னார்.

பாதல்தா எங்களைப் பார்த்ததும் இரண்டு ஸ்டூல் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாம் வித்துப்போச்சு தாதா. உங்க நோட்ஸுக்கு அவ்வளவு மதிப்பு."

அண்ணாச்சிக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

"யார் யார் வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் பாதல்தா. "பேர், வீடு எல்லாம் சொல்றேன். போய்த் திருத்திடுங்க."

"வேண்டாம். ஒங் கடையில என்ன வாங்குனாங்கங்கது அவங்க விஷயம். நீ சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது."

பாதல்தா என்னைப் பார்த்துக் கேட்டார். "இவர் என் மேல கேஸ் போட வந்தவரா, என் வக்கீலா?"

பெயர் தெரியாத பிள்ளைகளை எப்படித் திருத்துவது? மறுநாள், அதாவது பரீட்சைக்கு முந்தின திங்கட்கிழமை, அண்ணாச்சி ஒரு பெரிய அட்டையோடு மெட்ரோ வாசலில் போய் நின்றார். 'தாமோதருக்குச் செண்பகா என்று ஓர் உபநதி இல்லை. அதை உண்டாக்கியவன் நான்' என்று வங்க மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே முழுப் பெயரும் வீட்டு நம்பரும் போட்டிருந்தார். வீட்டு வாசலில்கூடப் பெயர்ப் பலகை மாட்டாத மனிதர் அவர்.

கல்கத்தாவில் ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. முதலில் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு பதினொன்று. பிறகு நான் எண்ணுவதற்குள் கூட்டம் சாலை வரை போய்விட்டது.

"நதியை எப்போ அழிச்சாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அணை கட்டினப்பவே போயிருக்கும்" என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

"சோல்பே நா, சோல்பே நா" என்று பின்னாலிருந்து கோஷம் கிளம்பியது. நடக்காது, விடமாட்டோம் என்று பொருள். பை மாட்டிய ஓர் இளைஞன் கையெழுத்து வாங்க ஆரம்பித்தான்.

"ஏய், அப்படி ஒரு நதியே இல்லப்பா" என்று அண்ணாச்சி கத்தினார்.

"அதைத்தான் நாங்களும் சொல்றோம் தாதா" என்றார் ஒரு பெரியவர் கண் கலங்க. "இல்லாமப் பண்ணிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து வக்கீல் மெட்ரோவுக்கு வந்தார். அட்டையை ஒருமுறை முழுக்கப் படித்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். அத்தனை வருஷம் காத்திருந்த வழக்கு அந்தப் படிகளில் இறங்கிப் போனதை அண்ணாச்சியும் பார்த்தார். அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

மழை தூறியதும் போராட்டம் கலைந்தது. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பழக்கடை ஓரமாக, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்கள். கிட்டே வந்தால் திருட்டு நோட்ஸ் வாங்கியதை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். வராவிட்டால், பையில் இருக்கிற மற்ற நோட்ஸில் வேறு என்னென்ன பொய்யோ என்று பயம்.

அண்ணாச்சி அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு மெட்ரோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நான் பாக்கல. தாள நீட்டுங்க. ஒரு வரிதான் பொய், அத அடிச்சித் தாரேன். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு, தைரியமாப் படிங்க."

கையை மட்டும் பின்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நோட்ஸ் அந்தக் கையில் வந்து விழுந்தது. சுவரில் வைத்துச் சிவப்பு மையால் செண்பகாவை அடித்தார். திரும்பாமல் பின்னால் கொடுத்தார். அடுத்தது வந்தது. ஒரு பிள்ளை சிடியை நீட்டியது. அண்ணாச்சி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் அதன் முதுகிலேயே 'செண்பகா இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு வேறு வேலை தெரியாது. அட்டையைப் பிடித்துக்கொண்டு கைகளை எண்ணினேன். பதினான்கு கைகள் வந்து போயின. பதினைந்தாவது கையில், போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் இருந்தது.

நானும் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.