கேரியரில் உட்காரும் ஆசை

உளியை வைத்து நாலாவது அடி அடித்ததும் கியர் அசைந்து கொடுத்தது. அவள் முகம் மலர்ந்தது. மறுகணம் அதன் வயிற்றிலிருந்து கடுகு கடுகாய் இரும்புக் குண்டுகள் கொட்டி, கூடம் முழுக்க உருண்டோடின.

"என்னம்மா சத்தம்?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. சைக்கிள் கியரைக் கழட்டறேன்."

"கழட்டறியா, உடைக்கறியா?"

"ரெண்டும் ஒண்ணா நடந்துடுச்சு."

கண்ணாடிக் கடையில் ஒன்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடுகிறவள் அவள். கொசுவின் கால் பருமன் திருகாணியையெல்லாம் அடக்கியவளுக்குச் சைக்கிள் எம்மாத்திரம் என்றுதான் பின்சக்கரத்தில் கை வைத்தாள்.

கணவனுக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வீட்டிலிருக்கும் நாட்களில், மாலையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, அவன் அப்பா காலத்து ஐந்து கியர் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பான். அவள் ஆசையாகக் கேரியரில் கை வைத்தால் ஒரே பதில்தான்: "இன்னிக்கும் கியர் நழுவுது. ஏறினா ரெண்டு பேரும் விழுவோம்."

அவன் தள்ள, அவள் கூட நடக்க, வீடு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். நாளெல்லாம் நின்ற கால் கெஞ்சும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தக் கேரியரில் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, அந்தத் தெருவை ஒரே ஒரு தடவை கடந்துவிட வேண்டும். அவன் கடலில் இருக்கும் மாதங்களில் இந்த நினைப்பிலேயே அவள் தூங்கிப்போன நாட்கள் உண்டு. இன்னும் பன்னிரண்டு நாளில் வருகிறான்.

"எங்க வீட்டுக்காரர் இதுல என்னைக் கூட்டிட்டுப் போகாத இடமே கிடையாது," என்றபடி மாமியார் குனிந்து குண்டு பொறுக்கினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

போன் அடித்தது. அவன்தான். காற்றிரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போயிற்று.

"என்ன பண்றே?"

மடியில் சக்கரம், கையெல்லாம் கிரீஸ். "சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"சைக்கிள் பத்திரமா?"

"வெச்ச இடத்துலயே இருக்கு." அது முழுப் பொய்யில்லை. பாதி வைத்த இடத்தில் இருந்தது, மீதி சோஃபாவுக்கு அடியில் இருந்தது.

"கியரைத் தொடாதே. நான் வந்து பாத்துக்கறேன்."

"ஆறு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கீங்க." "சீக்கிரம் வாங்களேன்."

அதற்குள் லைன் போய்விட்டிருந்தது.

குடல் போன கியரின் கூடு மட்டும் சக்கரத்தை விடுவேனா என்றது. வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போய், கூட்டை மேஜையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கி, பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை வளைப்பது போல் சக்கரத்தையே திருப்பினாள். கழன்றது. கூடவே சக்கரத்தின் ஆரக்கம்பிகள் மூன்றும் வளைந்தன.

கடைத்தெருவில் ஐந்து கியர் கிடைக்கவில்லை. "ஆறு கியராவே வாங்கிக்குங்க, ஒண்ணு கூடுதல்தானே," என்றான் கடைக்காரன். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது அந்தக் கூடுதல் ஒன்று சைக்கிளின் பின்சட்டத்தில் போய் உரசிக்கொண்டு நின்றது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைப் பிடித்து இழுத்து விரித்தார்கள். உரசல் நின்றது. ஆனால் சக்கரம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது, செயின் அறுந்தது, மாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அவன் வந்து கேட்டா, நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு," என்று முனகிக்கொண்டே மாமியார் போய்ப் படுத்தாள்.

தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் கணவனுக்குக் கூட்டாளி. கப்பலுக்கே சேதி போய்விடும் என்றுதான் அதுவரை அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள். இனி வேறு வழியில்லை. சைக்கிளைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு, பழைய கியரை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

அவர் சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பையைக் கவிழ்த்து, பழைய பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு பல்லுகூடத் தேயலையேம்மா. இந்த மாதிரி கியர் இனிமே தேடினாலும் கிடைக்காது. இதை எதுக்குக் கழட்டினீங்க?"

"நழுவுது அண்ணே. ஏறி ஓட்டவே முடியலைன்னு எத்தனை வருஷமா சொல்றார். ஃப்ரெண்டுதானே, நீங்களாவது சரி பண்ணிக் கொடுத்திருக்கக் கூடாதா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கையிலிருந்த பல்சக்கரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"லீவுல வந்தா முதல் நாளே இங்கதான்மா வந்து நிப்பார். 'கியர் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி விடுண்ணே, நழுவட்டும். ஏறிப் போனா பத்து நிமிஷத்துல வீடு வந்துடும், ஒன்பது மாசப் பேச்சை அவகிட்ட எப்போ பேசறது'ம்பார்."