சிகாமணி சாமியான கதை

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களை எதற்கு வேண்டுமானாலும் நம்பலாம். உருப்போட்டதை வரிசை மாற்றிச் சொல்ல மட்டும் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் அம்மா வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன. (அவற்றில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது சட்டம்.) அந்தக் கர்வத்தில்தான் என் ஊரான திருவண்ணாமலையில், ஓர் எழுத்தாளர் வாழ்ந்த இடங்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டும் 'இலக்கிய நடை' நடத்தப் போய் மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மாமியார் சென்னையில் வாசகர் வட்டம் நடத்துகிறவர். எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊர் எழுத்தாளர்களை விரல் விட்டு எண்ணுவார். என் ஊர் வந்தபோது மட்டும் விரல் நீளவில்லை. "மலை, கோயில், தீபம். வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலையேம்மா," என்றார் பரிதாபமாக. குத்திக் காட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பரிதாபம் தாங்கவில்லை.

"சிகாமணின்னு ஒருத்தர் இருந்தாரு அத்தை. உங்க வட்டத்தையே கூட்டிட்டு வாங்க, காட்டறேன்," என்று சவால் விட்டுவிட்டேன்.

சிகாமணி கோயிலைச் சுற்றிய தெருக்களிலேயே வாழ்ந்து, அங்கே வந்துபோகும் மனிதர்களைப் பற்றியே கதை எழுதியவர். வெளியூரில் யாருக்கும் தெரியாது. (உள்ளூரில் எனக்கும் எங்கள் தமிழ் டீச்சருக்கும் தெரியும்.) வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்துப் பக்கம் பிறந்தார். மேற்கே பே கோபுரத் தெருவில் கல்யாணமாகிக் குடியேறினார். தெற்கே ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதினார். கிழக்கே தேரடியில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். இதை அப்படியே வரிசையாக எழுதி, ஒவ்வொரு பகுதியையும் 'இதற்குப் பிறகுதான்' என்று கம்பீரமாகத் தொடங்கி, ஒரு மூச்சில் ஒப்பிக்கும் அளவுக்கு உருப்போட்டேன். இந்த வரிசையில் நடந்தால் கோயிலை இடமாகச் சுற்றுவோம் என்பது, பிறந்ததிலிருந்து வலமாகவே சுற்றி வளர்ந்த என் மண்டையில் ஏறவேயில்லை. அதுவும் நாங்கள் போனது பௌர்ணமியன்று.

வடக்கே சிகாமணியைப் பிறக்க வைத்துவிட்டு மேற்கே திரும்பினேன். ஒரு பூக்கார அம்மா மறித்தார்.

"எந்த ஊரும்மா நீங்கெல்லாம்? சாமிய யாராச்சும் இப்படிச் சுத்துவாங்களா?"

என் ஊரிலேயே என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டதில் பாதி உயிர் போய்விட்டது. இலக்கியம், வரலாறு என்று ஏதோ உளறினேன். எதிரே வலம் வந்துகொண்டிருந்த கூட்டம் ஒதுங்காமல் நின்று முறைத்தது. பக்திமானான மாமியாருக்கு முகமே வெளுத்துவிட்டது. இலக்கியத்தை நேர்ச்சுற்றில் பார்க்க வழியே இல்லையா என்று கெஞ்சினார். வாசகர் வட்டம் மொத்தமும் கிழக்கே திரும்பியது. ஆக, சற்றுமுன் பிறந்த சிகாமணி அடுத்த நிறுத்தத்திலேயே செத்துப்போனார்.

தேரடியில் நான் உருக்கமாக அவர் மரணத்தைச் சொல்வதைக் கேட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம் எங்களோடு சேர்ந்துகொண்டது. தெற்கே போனதும் என் வாய் தானாகத் திறந்தது: "இதற்குப் பிறகுதான் சிகாமணி தினமும் இந்த மெஸ்ஸுக்கு வந்து பூரி சாப்பிடத் தொடங்கினார்." கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேற்கே, "இதற்குப் பிறகுதான் கட்டிளங்காளையாக மணம் முடித்து இந்த வீட்டில் குடியேறினார்," என்றபோது கீழ்பென்னாத்தூர்ப் பெண்மணி ஒருவர் வாசற்படியில் கற்பூரமே ஏற்றிவிட்டார். செத்தவர் எழுந்து வந்து, பூரி சாப்பிட்டு, வயசும் குறைந்தால் எங்கள் ஊரில் அவர் சித்தர்தான். வேறு என்ன நினைப்பார்கள்?

"சாமியோட சமாதி எங்கம்மா கீது?" என்று அந்தப் பெண்மணி கேட்கவும், சிகாமணியின் மகள் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. கையில் தோசைத் திருப்பி. நான் சொல்லிவைத்தபடி வாசகர்களை எதிர்பார்த்தவர், வாசலில் கற்பூரத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். வாசகர் வட்டத்தில் சிலர் சிரிப்பை அடக்க இருமினார்கள். மாமியார் மட்டும் இருமவில்லை. என்னையே பார்த்தார். இனி என் ஊரைப் பற்றிப் புகுந்த வீட்டில் நான் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன்.

"அவரு சாமியில்லைங்க. கதை எழுதனவரு," என்றேன்.

"இன்னா கதை?"

உருப்போட்டதில் அதற்குப் பதில் இல்லை. எனக்குப் பிடித்த கதை ஒன்றை என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். மலை சுற்றும் வழியெல்லாம் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறாள் ஒருத்தி. கடைசியில் கோபுரத்தைக் கண்டதும் தனக்குக் கேட்க வந்ததை மறந்து, பக்கத்து வீட்டுக்காரியின் சீக்கு மாட்டுக்காக வேண்டிக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கதையாச்சே இது. அவருக்கு யாரு சொன்னா?" என்றார். பிறகு குனிந்து கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சிகாமணியின் மகள் தோசைத் திருப்பியோடு அழுதார். வாசகர் வட்டத்தில் இருமல் நின்றுவிட்டது. எத்தனையோ டம்ளர் வாங்கியிருக்கிறேன்; அன்றைக்குப் போல என் ஊரை நினைத்து நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தைத் தலைகீழாகச் சொன்னால், "சிகாமணி சாமி வந்துட்டாரு," என்பார் என் கணவர். மாமியாரின் கதை வேறு. தங்கள் ஊர் எழுத்தாளர் வாங்கிய விருதுகளை யாராவது அடுக்கினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

"விருதெல்லாம் சரிங்க," என்பார் கடைசியில். "கற்பூரம் ஏத்துனாங்களா?"