நின்றால் இழுக்கும் நாய்

மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானா காப்பீட்டு அலுவலக எழுத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வேண்டும்? உள்ளே நகம் அளவுக்கு நறுக்கிய பச்சை ஈரல் இருந்தது.

மூடிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"மாமா டப்பாவை மாத்தி வச்சிட்டார் போலிருக்குங்க. இந்த வாரத்துல இது ரெண்டாவது தடவை."

"அப்போ என் சாப்பாடு?"

"நாய்க்குப் போயிடுச்சு. அதுவும் பாதியிலயே எழுந்து போயிடுச்சுங்க."

எழுத்தரின் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருடம் நாய்களுக்குப் பயந்தே சைக்கிள் மிதித்தவர். அம்மா போன பிறகு ஒரு வருடம் யாரிடமும் எதுவும் கேட்காமல் அறையிலேயே கிடந்தார். திடீரென்று ஒருநாள் நாயோடு வந்து நின்றார். பாவம், தனிமை என்று எழுத்தரும் வாயை மூடிக்கொண்டார்.

நாய் போதாதென்று பயிற்சி கொடுக்க ஓர் அம்மாளும் வந்தார். காலையும் மாலையும் பச்சைக் கறிதான் போட வேண்டும், வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து தொண்டையில் குத்தும் என்றார். பயிற்சிக்கு ஈரல். சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு, செய்யாவிட்டால் கிடையாது. அலுவலகத்திலும் இதே ஏற்பாடுதான் என்பதால் எழுத்தருக்கு உடனே புரிந்தது.

நான்கு மாதம் ஓடியது. நாய் உட்காரச் சொன்னால் உட்காராது. கை கொடுக்காது. விருந்தாளி வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். வெளியே கூட்டிப்போய் ஓரிடத்தில் நின்றால் மட்டும், கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

"இவ்வளவு கறி தின்னுட்டு இது கத்துக்கிட்டது வீட்டுக்குத் திரும்பறது ஒண்ணுதான். அதை நான் கறி இல்லாமலே செய்யறேன்பா."

"நீ செய்வேடா," என்றார் அப்பா, நாயின் காதைத் தடவியபடி.

எழுத்தர் கறியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். பசித்தால் பாடம் ஏறும் என்று நினைப்பு. பசித்த நாய் அவருடைய அலுவலக ஷூவைத் தின்றது. சரி, நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைப்பையில் ஈரல் பொட்டலத்தோடு பூங்காவுக்குக் கூட்டிப்போனார். எதிரே மேலாளர் நடந்து வந்தார்.

"உங்க நாயா? சொன்ன பேச்சு கேக்குமா?"

"நல்லா கேக்கும் சார்," என்று நின்றார் எழுத்தர். நின்றதுதான் தப்பு. நாய் ஒரே இழுப்பாக இழுத்தது. மனிதர் குப்புற விழுந்தார். பொட்டலம் பிதுங்கி, சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சிவந்தது. மேலாளர் அலறியடித்து ஆம்புலன்ஸையே வரவழைத்துவிட்டார். அதில் வந்தவர் சட்டையை விலக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"அடி ஒண்ணும் இல்லை. இது ஈரல்."

"யாரோட ஈரல்?" என்றார் மேலாளர், வெளிறிப்போய்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தர் கத்தினார். "நாளைக்கே இந்த நாய் போகணும்பா. அந்தம்மாகிட்டயே விட்டுட்டு வரேன்."

அப்பா எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை என்ன வேணா சொல்லு. உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்லையேடா. இது மட்டும் இருக்கட்டும்."

"ஒரு நாய்க்காகவாப்பா அழறீங்க?"

அன்று அப்பா சாப்பிடவில்லை. நாய் சாப்பிட்டது, சாப்பிட்டுவிட்டு அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா போன அன்றுகூட அப்பா இப்படி அழுததில்லை. ஆனாலும் ஆம்புலன்ஸ் வரைக்கும் போன மானம் எழுத்தரை விடவில்லை.

மறுநாள் காலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அப்பா வாசல்வரை வந்தார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, தெருவில் ஓரடி எடுத்து வைக்கவில்லை. நாய் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எழுத்தர் திரும்பவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பயிற்சி கொடுக்கும் அம்மாள் தன் வீட்டுப் பின்கட்டில் கறி நறுக்கிக்கொண்டிருந்தார். வந்த வழியே இழுக்கும் நாயின் கயிற்றை எழுத்தர் அவர் பக்கம் நீட்டினார்.

"நாலு மாசம்! உட்காருன்னா உட்காரலை, கை குடுன்னா குடுக்கலை. நின்னா போதும், வீட்டுக்கு இழுக்குது. இதுக்குப் பேர் பயிற்சியாம்மா?"

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். கயிற்றை வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார் சார்... 'வீட்டுக்கு வர்ற வழி எனக்கு மறந்துபோகுதும்மா, நான் எங்கயாவது திகைச்சு நின்னா இது என்னை இழுத்துட்டு வந்துடணும், அது ஒண்ணு போதும்'னு உங்கப்பாதான் கேட்டார்."